மருந்து எதிர்ப்பு: எதிர்ப்பது யார்?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் தாமானில் பாதிப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள். பால்மரம் சீவிய கை, இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறது. மூன்றாவது வீட்டுப் பெரியப்பாவுக்குக் காசநோய். திடீரென்று மாத்திரைகளை மாற்றிவிட்டார்கள். கிளினிக்கில் சொன்ன மலாய்ச் சொல்லை மறக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார்: "ரிந்தாங் உபாட்டாம். என்னா தம்பி அர்த்தம்?"

"மருந்து எதிர்ப்பு பெரியப்பா" என்றேன். மறுநாள் காலையில் பசியாறக் கடைக்குப் போனால் சேதி அங்கே வேறு மாதிரி நடமாடுகிறது: "அவர் உடம்புக்கு மருந்து ஒத்துக்கலையாம்."

தப்பு அவர் மேல் இல்லை, நான் சொன்ன சொல்லின் மேல்தான். தமிழில் 'எதிர்ப்பு'க்கு முன்னால் ஒரு சொல் நின்றால், அதை எதிர்ப்பவர்கள் நாம் என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். ஊழல் எதிர்ப்பு, போதை எதிர்ப்பு, அவ்வளவு ஏன், நோய் எதிர்ப்புச் சக்தி. அதே தடத்தில் 'மருந்து எதிர்ப்பு' என்றால், மருந்தை எதிர்ப்பது நம் உடம்பு என்றுதானே படும்? உண்மையில் எதிர்ப்பது கிருமி. சொல்லில் அந்தக் கிருமியையே காணோம்.

மலாயில் 'ரிந்தாங்' என்றால் குறுக்கே கிடப்பது, வழியை மறிப்பது. பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு 'ரிந்தாங்ஙான்' தெரிந்திருக்கும், நம்முடைய மின்தடை. ஆங்கிலத்தின் 'ரெசிஸ்டன்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. எதிர்த்து நிற்பது என்பது பொருள். நோயின் பெயருக்கும் இப்படிக் கதை உண்டு. காசம் என்பது வடமொழியில் இருமல். சயரோகத்தில் உள்ள சயம் தேய்வு. எலும்புருக்கி என்பது நம் வீட்டுச் சொல், ஆளை உருக்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த பெயர். மலாயில் பழைய பெயர் 'பாத்தோக் கெரிங்', அதாவது வறட்டு இருமல். அதைச் சொல்லிக்கொண்டே சளி துப்ப டப்பா கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்!

சரி, கிருமி எப்படி எதிர்க்கப் பழகுகிறது? அது பழகுவதில்லை. நுரையீரலில் கோடிக்கணக்கில் பெருகும்போது, மரபணுவில் தற்செயலாகப் பிழை விழுந்த சில கிருமிகள் எப்போதும் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாகும், அந்தச் சில மட்டும் தப்பிப் பெருகும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் தனியாகக் கொடுக்கப்பட்டபோது இதுதான் நடந்தது: முதலில் தேறிய நோயாளிகள் பலர் மறுபடி விழுந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கையும் சேர்த்து 2 மாதம், அப்புறம் முதல் இரண்டை மட்டும் 4 மாதம். இருமல் நின்றதும் பாதியில் விட்டால் எதிர்க்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாதவருக்கும் இது வரலாம். எதிர்க்கும் கிருமியே அடுத்தவர் இருமலில் காற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும். 'மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்' என்று கடையில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க.

கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தெரியும், அது எந்த மருந்தை எதிர்க்கும் என்று தெரியாது. வளர்த்துப் பார்க்கலாம் என்றால், இது மெதுவாக வளரும் கிருமி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமியா என்பதை ஏறக்குறைய 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். மற்ற மருந்துகளுக்கு இன்னும் சோதனை வேண்டும்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் எதிர்த்தால் அதற்குப் 'பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்' என்று பெயர். முன்பு இதற்கு ஒன்றரை, இரண்டு வருட மருத்துவம். மாதக்கணக்கில் ஊசி வேறு, அதில் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. 2022 முதல் பெடாகுவிலின் அடங்கிய 6 மாத மாத்திரை முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெரியப்பாவுக்கு இதில் ஒரு புதுக் கவலை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டபோது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், மருந்து வேலை செய்கிறது என்று அதைத்தான் அடையாளம் வைத்திருந்தார். புது மாத்திரையில் அந்த நிறம் போய்விட்டது!

அப்படியானால் நல்ல தமிழ் எது? 'மருந்துத் தடுப்பு' வேண்டாம், தடுப்பூசி நினைவுக்கு வரும். 'மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்' என்று எழுதுகிறார்கள். இலக்கணம் சரி, ஆனால் இனி குணமே ஆகாது என்று பயமுறுத்துகிறது. எனக்குப் பிடித்தது 'மசியாத'. கேட்டுக் கேட்டும் இறங்கி வராதவனை 'மசியமாட்டேங்கிறான்' என்கிறோமே, அதுதான். மசியாதவனை வேறு ஆளை விட்டு மசிய வைக்கலாம் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. 'ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமி' என்றால் எந்த மருந்து, எதிர்ப்பது யார், இரண்டும் சொல்லிலேயே வந்துவிடும். ஆவணங்களில் 'பன்மருந்து எதிர்ப்பு' இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியப்பாவிடம் மாற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு மருந்து ஒத்துக்குது, அந்தச் சனியனுக்குத்தான் உறைக்கல" என்றார். அடுத்த நாள் கடையில் அந்தச் சேதிதான் ஓடியது.