ஜேர்மனியில் குளிர்கால ரயர்: திகதி அல்ல, வீதிதான் கணக்கு

ஒக்ரோபரில் இருந்து ஈஸ்டர் வரை குளிர்கால ரயர் போட வேண்டும் என்று ஜேர்மனியில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சட்டத்தில் அப்படித் திகதி எதுவும் இல்லை. வீதியில் பனி, பனிச்சேறு, ஐஸ், உறைபனி வழுக்கல் இருந்தால் அதற்கேற்ற ரயர் இல்லாமல் காரை ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். ஏப்ரலில் திடீரென்று பனி கொட்டினாலும் இதே விதி. ஜனவரியில் வீதி காய்ந்து கிடந்தால் கோடைகால ரயரோடு ஓடுவது குற்றமாகாது. ஆனால் காலையில் காய்ந்திருக்கும் வீதி, வேலை முடிந்து வரும்போதும் அப்படியே இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. நிறுத்தி வைத்திருக்கும் காருக்கு இந்த விதி இல்லை.

சரி, எது ஏற்ற ரயர்? ரயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ (M+S) என்ற எழுத்து மட்டும் உள்ள பழைய ரயர்களுக்கு 2024 செப்ரெம்பர் 30 வரைதான் அனுமதி இருந்தது. பாவித்த கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். “நாலு காலத்துக்கும் ஓடுற ரயர்” என்று விற்பவர் சொன்னாலும், மலைச் சின்னம் இல்லையென்றால் பனியில் அது செல்லாது. சின்னம் இருந்தால் அந்த வகை ரயரும் போதும்.

பிடிபட்டால் 60 யூரோ அபராதம், ஓட்டுநரின் பதிவில் ஒரு தண்டப் புள்ளி. போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்திருந்தால் 80 யூரோ. 2017 முதல் காரின் சொந்தக்காரரும் பொறுப்பு: தகுந்த ரயர் இல்லாத காரைப் பனியில் ஓட்ட விட்டால் அவருக்கு 75 யூரோவும் ஒரு புள்ளியும். ஆகவே மகனிடமோ மச்சானிடமோ திறப்பைக் கொடுக்கும் முன் ரயரை ஒருமுறை பாருங்கள்.

ரயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பனிக்கு அது போதவே போதாது. 4 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்றிவிடுவதே நல்லது. 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்துக்குள் செருகுங்கள். வெள்ளி விளிம்பு கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் புது ரயர் வாங்கும் நேரம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் ஒஸ்திரியாவுக்கு ஓடுபவர்களுக்கு அந்த 4 மில்லிமீற்றர் வெறும் ஆலோசனை அல்ல, அங்கே அதுதான் சட்டம்; நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, வீதியில் பனியோ ஐஸோ இருக்கும்போது.