ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., ஒரு லிட்டர் தண்ணீர்: குடல் செல்லின் வாசலில் நடப்பது என்ன?

சென்ற அக்னி நட்சத்திரத்தின்போது, வயிற்றுப்போக்கால் துவண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு ஒரு தாய் வந்தார். "ஓ.ஆர்.எஸ். கொடுத்துட்டுத்தான் இருக்கேன் டாக்டர், நிக்கவே மாட்டேங்குது. தண்ணி தண்ணின்னு அழறான்" என்றார். எப்படிக் கலந்தீர்கள் அம்மா என்று கேட்டதும், பையிலிருந்து பால் புட்டியை எடுத்துக் கொடுத்தார். வயிற்றுப்போக்கில் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கலவைதான் ஓ.ஆர்.எஸ். அதன் ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதும் அந்த 200 மில்லி புட்டிக்குள் இருந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்; உப்புக் கரித்தது.

அந்தத் தாயிடம் அக்கறைக்குக் குறைவில்லை. கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை ஏன் ஆபத்தானது என்பது குடல் செல்லின் சவ்வைப் பார்த்தால் புரியும்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலான இரட்டைப் படலம். ஆக்சிஜன் அதைத் தானாகவே கடந்துவிடும். உப்பும் சர்க்கரையும் கடப்பதற்குப் புரதங்களாலான வாயில்கள் வேண்டும். சிறுகுடல் செல்லில் உள்ள அத்தகைய ஒரு வாயில், ஒரு குளுக்கோஸ் (சர்க்கரை) மூலக்கூறையும் உப்பில் உள்ள இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே உள்ளே விடுகிறது. அப்படி நுழைந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்ப், ஆற்றலைச் செலவிட்டு ரத்தத்தின் பக்கம் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று சோடியம் வெளியே போனால் இரண்டு பொட்டாசியம் உள்ளே வரும். தண்ணீரை இழுப்பதற்கென்று தனியாக எந்தப் பம்ப்பும் கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் போகின்றனவோ, அந்தப் பக்கம் தண்ணீரும் போகும்.

காலராவில்கூட இந்த வாயில் பழுதாவதில்லை. காலரா நச்சு குளோரைடை வெளியே விடும் வேறொரு வாயிலைத் திறந்துவிடுவதால்தான் தண்ணீர் குடலுக்குள் கொட்டுகிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வழி அப்போதும் வேலை செய்கிறது. இந்த இணைப்பை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, காலரா பரவிய மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், ரத்தக்குழாய் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எங்கள் துறையில் இதைவிட எளிமையான, இதைவிடப் பெரிய மருந்து ஒன்றை நான் அறியேன்.

இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உள்ளன. ரத்தத்தைவிடச் சற்று நீர்த்த கலவை என்பதால் தண்ணீர் உடலுக்குள் போகிறது. அதையே 200 மில்லியில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு அடர்த்தியாகி, தண்ணீர் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். போக்கு கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும், மூளை செல்கள் நீரிழந்து சுருங்கும். குழந்தை தண்ணீர் கேட்டு அழுததும் அதனால்தான். ரத்தப் பரிசோதனைக்காக அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

குளிர்பானமும் டப்பா ஜூஸும் சர்க்கரை மிகுந்தவை என்பதால் அவையும் இதே தீங்கைச் செய்யும். பாட்டிமார் கொடுக்கும் உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி நல்லது. அதன் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறுகிறது.

கடைகளில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் விற்கப்படுகிறது. ஆகவே உறையில் எழுதியிருக்கும் அளவைப் படித்த பிறகே கலக்க வேண்டும். கேன் தண்ணீரானாலும் மெட்ரோ தண்ணீரானாலும் காய்ச்சி ஆற வைத்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியை மடித்து வைத்து நாளைக்குக் கலப்பது கூடாது, ஏனெனில் அரைப் பாக்கெட்டில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மீண்டும் தொடங்கலாம். ஓ.ஆர்.எஸ். போக்கை உடனே நிறுத்தாது. இழந்த நீரை ஈடுசெய்யும். கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடிக்க மறுத்துக் குழந்தை மயங்கிக் கிடந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள்.