முக்கோணத்தைச் சுற்றிக் கட்டிய கார்: மாஸ்டா ஆர்எக்ஸ்-7

மாற்றியமைத்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் ஒன்று நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்போது அதன் சத்தம் ஒரே சீராக வருவதில்லை. ஒரு வெடிப்பு, ஒரு தடுமாற்றம், மறுபடியும் ஒரு வெடிப்பு என்று திக்கித் திக்கி வரும். பழக்கமில்லாதவர் கேட்டால், எஞ்சின் கெட்டுவிட்டது, இன்னும் சில நொடிகளில் நின்றுவிடும் என்றே நினைப்பார். உண்மையில், எஞ்சினின் பக்கச் சுவரில் உள்ள ஒரு துளையின் விளிம்பிலிருந்து கைதேர்ந்த ஒருவர் கிரைண்டரால் சில மில்லிமீட்டர் இரும்பைச் சீவி எடுத்திருக்கிறார் என்பதுதான் அந்தத் திக்கலின் பொருள். அவ்வளவு சிறிய வேலை ஓர் எஞ்சினின் குணத்தையே எப்படி மாற்றுகிறது என்பதற்கான விடை, உள்ளே சுழலும் முக்கோணத்தில் இருக்கிறது. 1978 முதல் 2002 வரை 8 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனைக்கு வந்த இந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் தோற்றம், வேகம், நோய், அதற்கான வைத்தியம் எல்லாமே அந்த முக்கோணத்திலிருந்து பிறந்தவை.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. காற்றை உள்ளே விடவும் புகையை வெளியேற்றவும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. ஆர்எக்ஸ்-7-இல் உள்ள ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் சற்றே உப்பிய ஒரு முக்கோண உலோகக் கட்டி, இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் சுற்றி வருகிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்கு இந்த அசைவு புதிதல்ல. குழவி தானும் உருண்டுகொண்டு குழியையும் வலம் வருகிறது அல்லவா, ஏறத்தாழ அதேபோலத்தான் இந்த முக்கோணமும் தானும் சுழன்றுகொண்டு அறையையும் வலம் வருகிறது. எந்த நிலையிலும் அதன் மூன்று நுனிகளும் சுவரைத் தொட்டபடியே இருக்கும்படி அறையின் வளைவு வகுக்கப்பட்டிருப்பதால், முக்கோணத்துக்கும் சுவருக்கும் இடையில் எப்போதும் மூன்று தனித்தனி இடைவெளிகள் இருக்கின்றன. சுற்றி வரும்போது ஒவ்வோர் இடைவெளியும் பெரிதாகிறது, சுருங்குகிறது, மீண்டும் பெரிதாகிறது, மீண்டும் சுருங்குகிறது. பெட்ரோல் கலந்த காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என்ற நான்கு வேலைகளும் இந்த நான்கு அசைவுகளில் முடிந்துவிடுகின்றன.

முக்கோணம் ஒரு முழுச் சுற்றை முடிப்பதற்குள் நடுவிலுள்ள தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். டாஷ்போர்டில் முள் நிமிடத்துக்கு 7,500 சுற்றைக் காட்டும்போதுகூட முக்கோணம் 2,500 சுற்றுதான் சுற்றுகிறது. மேலும் கீழும் உதறி ஓடும் உறுப்பு எதுவும் இல்லாததால், வேகம் ஏற ஏற இந்த எஞ்சினில் அதிர்வு கூடுவதாகவே தெரியாது.

இந்த எஞ்சினின் கொள்ளளவைக் கணக்கிடும் சூத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. முக்கோணத்தின் மையத்திலிருந்து நுனி வரையுள்ள தூரம், அதன் மையம் தண்டின் மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரம், முக்கோணத்தின் தடிமன் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதை மூன்றின் வர்க்கமூலத்தைப் போல் மூன்று மடங்கால், அதாவது 5.196 ஆல் பெருக்க வேண்டும். மாஸ்டாவின் புகழ்பெற்ற எஞ்சின்களில் முதல் இரண்டு அளவுகளும் 105 மி.மீ., 15 மி.மீ. என்று மாறாமலே இருந்தன. தடிமன் 60 மி.மீ. ஆனபோது ஒரு முக்கோணத்துக்கு 491 சிசி கிடைத்தது. 70 ஆனபோது 573. 80 ஆனபோது 654. முறையே 10ஏ, 12ஏ, 13பி என்று பெயர் பெற்ற எஞ்சின்கள் இவை. ஒரே தோசையைச் சற்றுத் தடிமனாக வார்ப்பதுபோல, வடிவத்தைத் தொடாமல் தடிமனை மட்டும் கூட்டியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

யோசனை ஜப்பானில் பிறந்ததல்ல. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் உருவாக்கிய முதல் மாதிரி 1957-இல் ஓடியது. ஹிரோஷிமாவில் இருந்த தோயோ கோக்யோ என்ற நிறுவனம், அதாவது பின்னாளைய மாஸ்டா, அதன் உரிமத்தை வாங்கியது. வாங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. முக்கோணத்தின் ஒவ்வொரு நுனியிலும், காற்று ஓர் இடைவெளியிலிருந்து இன்னோர் இடைவெளிக்குக் கசியாமல் தடுக்கும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று உண்டு. அதை நுனி சீல் என்று சொல்லலாம். ஓட ஓட அந்தப் பட்டை அதன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்கத் தொடங்கி, பளபளப்பான சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டது. பொறியாளர்கள் அவற்றைச் 'சாத்தானின் நகக்கீறல்' என்றார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 1963-இல் அமைந்த 47 பேர் குழு, பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதன் துடிப்பை மாற்றலாம் என்று முதலில் கண்டுபிடித்தது. விற்பனைக்கு வந்த எஞ்சினில் அலுமினியம் ஊட்டிய கார்பன் பட்டை இடம்பெற்றது. அந்த எஞ்சினுடன் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கூபே 1967 மே மாதம் வெளிவந்தது.

கீறல் தீர்ந்ததே தவிர, பசி தீரவில்லை. எரியும் அறை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் சூடு சுவர்களுக்குப் போய்விடுகிறது; நெருப்பு மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்வதில்லை. ஒரு முக்கோணத்துக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்தும் பெட்ரோல் வீணாவது நிற்கவில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் குடும்பக் கார்களிலும் இந்த எஞ்சினை வைத்து விற்றுக்கொண்டிருந்த மாஸ்டா தள்ளாடியது. எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைக்கும் திட்டம் ஒன்றைக் கையில் எடுத்த பிறகும், இந்த எஞ்சினுக்கு உரிய இடம் குடும்பக் கார் அல்ல என்பது தெளிவாகிவிட்டது. பெட்ரோல் கணக்கு பார்க்காதவர்கள் வாங்கும் கார் ஒன்று வேண்டியிருந்தது. 1978 மார்ச்சில் வந்த முதல் ஆர்எக்ஸ்-7 அப்படிப் பிறந்ததுதான்.

எஞ்சின் சிறியது, உயரமும் குறைவு. அதனால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. காரின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தது. முன்மூக்கைத் தாழ்த்தவும் முடிந்தது. அவ்வளவு தாழ்ந்த மூக்கில் சட்டம் கேட்கும் உயரத்தில் விளக்கு வைக்க வழியில்லாததால், தேவைப்படும்போது மட்டும் கண் திறப்பதுபோல எழும்பும் விளக்குகள் வந்தன. ஆக, அந்தக் காரின் முகத்தைத் தீர்மானித்ததும் எஞ்சின்தான். சுமார் ஒரு டன் எடையும் 130 குதிரைத்திறனும் கொண்ட அந்த முதல் தலைமுறைக் கார், 1981-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

1985-இல் வந்த இரண்டாம் தலைமுறையான எஃப்சி, 13பி எஞ்சினுக்கு மாறி, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போவையும் சேர்த்துக்கொண்டது. இரண்டு முக்கோணங்களுக்கும் சேர்த்து இதன் 1,308 சிசி ஒரு சூட்சுமமான எண். முக்கோண எஞ்சின் அதே அளவுள்ள பிஸ்டன் எஞ்சினைவிட அதிகக் காற்றை விழுங்குவதால் ஜப்பானிய வரித்துறை அதன் கொள்ளளவை ஒன்றரை மடங்காகக் கணக்கிடும். அப்படிப் பார்த்தால் 1,962 சிசி; 2,000 சிசி வரிப்படிக்கு ஒரு மயிரிழை கீழே.

மூன்றாம் தலைமுறையான எஃப்டி 1991-இல் வந்தது. அதே ஆண்டு ஜூனில் நான்கு முக்கோணம் பூட்டிய மாஸ்டா 787பி பந்தயக் கார் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றிருந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது. எஃப்டி சுமார் 1,250 கிலோ எடையில் 255 குதிரைத்திறனுடன் தொடங்கி, 1999-இல் 280-ஐத் தொட்டது. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் அப்போது தங்களுக்குள் வைத்திருந்த வாய்மொழி வரம்பும் அதே 280தான். என் கண்ணுக்கு, ஒரு நேர்க்கோடுகூட இல்லாததுபோலத் தோன்றும் இந்த உடலைவிட அழகான ஜப்பானியக் கார் இன்னும் வரவில்லை. 2002 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

இனி கிரைண்டருக்கு வருவோம். பிஸ்டன் எஞ்சினில் காற்று எப்போது நுழைய வேண்டும் என்பதை, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் தீர்மானிக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் வேறு கேம் ஷாஃப்ட் வாங்க வேண்டும். இங்கே காற்று பக்கச் சுவரிலுள்ள துளை வழியாக நுழைகிறது. கடந்து செல்லும் முக்கோணத்தின் உடலே அந்தத் துளையைத் திறக்கிறது, மூடுகிறது. ஆகவே துளையின் விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் இந்த எஞ்சினின் காலக்கணக்கு முழுவதும். விளிம்பைச் சற்று வெளியே தள்ளினால் துளை முன்னதாகத் திறக்கும். இன்னொரு பக்கம் தள்ளினால் தாமதமாக மூடும். உயர் வேகத்தில் காற்று நுழைய நேரம் கூடுகிறது, திறன் ஏறுகிறது. ஆனால் கை தவறிச் சீவிய இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அதனால் தேர்ந்த பணிமனைகள் தகட்டில் வெட்டிய அச்சை வைத்துக் கோடு போட்டுக்கொண்ட பிறகே கருவியை எடுக்கின்றன.

மிதமாகப் பெரிதாக்குவதற்கு 'ஸ்ட்ரீட் போர்ட்' என்று பெயர். அதற்கு மேல் ஆசைப்படுபவர்கள் துளைக்கு வெளியே, கண்ணுக்கு மேல் புருவம்போல, இரண்டாவதாக ஒரு கீற்றைத் திறக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இரும்பாலான ஒரு குறுகிய பாலத்தை விட்டுவைப்பதால் இது 'பிரிட்ஜ் போர்ட்'. பாலம் அழகுக்காக அல்ல. பக்கச் சுவரை ஒட்டியிருக்கும் முக்கோணத்தின் தட்டையான பரப்புகளிலும் மெல்லிய பக்கச் சீல்கள் உண்டு. கால் வைக்க இடமில்லாமல் அவை திறந்த துளைக்குள் விழுந்துவிடாதபடி பாலம் தாங்குகிறது. கீற்றுக்கு அந்தப் பக்கம் குளிர்நீர் ஓடும் வழியும் ரப்பர் சீலும் மிக அருகில் இருக்கின்றன; சற்று ஆழமாக வெட்டினால் எஞ்சினுக்குள் தண்ணீர்தான் வரும்.

தொடக்கத்தில் கேட்ட திக்கலுக்கும் காரணம் இதுவே. துளை முன்னதாகத் திறப்பதால், புகை வெளியேறும் வழி இன்னும் மூடாத நிலையிலேயே உள்வழியும் திறந்துவிடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது பழைய புகை புதுக் காற்றோடு கலந்து அதைக் கெடுக்கிறது. ஒரு சுற்றில் கலவை பற்றாது. பற்றாத அந்தப் பெட்ரோல் அறையைக் கழுவிவிட்டுப் போக, அடுத்த சுற்றில் பலமாகப் பற்றும். வேகம் ஏறியதும் இந்தத் தடுமாற்றம் மறைந்துவிடும்.

வெளியேறும் வழிக்கும் வால்வு கிடையாது. முக்கோணத்தின் நுனி அதைக் கடந்த மறுகணமே புகை ஒரே வீச்சில் பாய்ந்து வருகிறது. காதைப் பிளக்கும் சத்தமும் சைலன்சரை உருக்கும் சூடும் அதனால்தான் வருகின்றன. ஆனால் டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற இதைவிட நல்ல காற்று கிடைக்காது. எஃப்டியில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையில் இறங்கின. சுமார் 4,500 சுற்று வரை முதலாவது மட்டும் உழைக்கும். அதற்குள் இரண்டாவதை மெல்லச் சுழற்றித் தயாராக வைத்திருந்து, பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஏட்டில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில் அதை இயக்க வாலாட்டும் எலிக்கூட்டம்போல ஏராளமான மெல்லிய ரப்பர் குழாய்கள் எஞ்சினின் மேல் ஓடின. எஞ்சின் சூட்டில் அவை சில ஆண்டுகளில் விறைத்துச் சுள்ளியாகிவிடும். ஒன்று கழன்றாலும் இரண்டாவது டர்போ கண் விழிக்காது. பலரும் இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போவைப் பூட்டியதற்குத் திறன் மோகம் மட்டும் காரணமல்ல, இந்தக் குழாய்ச் சள்ளையும்தான்.

டர்போ பெரிதானால் காவலும் கூட வேண்டும். எஃப்டியின் நுனி சீல் 2 மி.மீ. தடிமன் உள்ளது. கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி சற்று முந்தினாலோ, எரிவதற்குப் பதிலாக உள்ளே குண்டு வெடிப்பதுபோல அழுத்தம் தாக்கி அந்தப் பட்டையை உடைத்துவிடும். உடைந்த துண்டு சுவரைக் கீறிக்கொண்டே வெளியேறி, போகிற போக்கில் டர்போவின் இறக்கைகளையும் சிதைத்துவிட்டுப் போகும். ஆகவே பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் புதிதாக வகுக்கும் கணினிப் பெட்டியை மாற்றாமல் டர்போவை மட்டும் மாற்றுவது தற்கொலைக்குச் சமம். அடுத்தது குளிர்ச்சி. இரும்புப் பலகைகளையும் அலுமினிய அறைகளையும் அடுக்கி நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய எஞ்சின் இது. சூட்டில் இரும்பும் அலுமினியமும் ஒரே அளவு விரிவதில்லை. அளவு மீறினால் நடுவிலுள்ள ரப்பர் சீல்கள் முதலில் போய்விடும். ரேடியேட்டரையும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் முன்மூக்குக்குள் வி எழுத்தின் வடிவில் சாய்த்து வைத்து, இரண்டுக்கும் புதுக் காற்றைப் பிரித்துக் கொடுப்பது இதற்காகவே. துருத்திய மட்கார்டுகள்கூட, அகலமான டயருக்கு இடம் கொடுக்கத் தொடங்கி, பிறகு தனக்கென ஓர் அழகாக வளர்ந்தவை. எழும்பும் விளக்குகளை எடுத்துவிட்டு நிலையான விளக்கு பதிக்கும் பழக்கத்தை ஆர்.ஈ. அமெமியா போன்ற ரோட்டரி பணிமனைகள் பரப்பின. அமெரிக்காவில் சிலர் முக்கோண எஞ்சினையே தூக்கிவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். வேகமான கார்தான் கிடைக்கிறது. ஆனால் அதை ஆர்எக்ஸ்-7 என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பழைய ஆர்எக்ஸ்-7 ஒன்றை வாங்கி மாற்ற நினைப்பவர் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் செய்யும் சோதனை எளிமையானது. அழுத்தம் அளக்கும் சாதாரண மானியில் காற்றைப் பிடித்துவைக்கும் சிறு வால்வைக் கழற்றிவிட்டு, அதை ஸ்பார்க் பிளக் துளையில் திருகி, எஞ்சினைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்ற வேண்டும். முக்கோணத்தின் மூன்று முகங்களும் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது முள் மூன்று முறை துள்ளும். மூன்றும் ஒரே உயரத்துக்குத் துள்ளினால் அந்த அறை நலமாக இருக்கிறது. ஒன்று மட்டும் தாழ்ந்தால் ஒரு முகத்தின் பக்கச் சீலில் கோளாறு இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் நுனியிலுள்ள சீல் போய்விட்டது, எஞ்சினை முழுக்கப் பிரித்தாக வேண்டும்.