ரெண்டு டிகிரி படிக்கலாம் சரி, உதவித்தொகை எத்தனை வரும்?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஒன்றை நேரில் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டு, இன்னொன்றைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டையுமே தொலைதூரத்திலும் படிக்கலாம். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டு ரெகுலர் படிப்புக்கும் தடையில்லை. பிஎச்.டி. மட்டும் இதில் வராது.

அந்த அறிவிப்பு படிப்புக்கு மட்டும்தான். உதவித்தொகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. அதைப் பார்க்காமல் இரண்டாவது படிப்பில் சேருகிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் அதிகம் பேருக்குத் தெரிந்த புதுமைப் பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என்று சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். மாணவர்களுக்கான இதே மாதிரித் திட்டமான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது.

புதுமைப் பெண் விதிகளில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். பள்ளி முடித்து முதன்முறையாகச் சேரும் உயர்கல்விக்குத்தான் பணம். அதை இடைநிற்காமல் படிக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

ஒரு மாணவி அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள், கூடவே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பி.காமுக்கு வரும் 1,000 ரூபாய் வரும். பி.ஏ.வுக்கு ஒன்றும் வராது. அதே மாணவி வேலை கிடைத்ததென்று பி.காமை விட்டுவிட்டு, ‘கரஸ்ல முடிச்சுக்கலாம்’ என்று பி.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டால்? டிகிரி கையில் வந்துவிடும், மாதப் பணம் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் எடுக்கும் பாடங்கள், டைப்ரைட்டிங், டேலி மாதிரியான சான்றிதழ் வகுப்புகள் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்வயம் பாடத்தின் கிரெடிட் உங்கள் டிகிரிக்குள்ளேயே சேருகிறது, அது இரண்டாவது படிப்பே அல்ல. மாலையில் போகும் டைப்ரைட்டிங் வகுப்பால் ரெகுலர் மாணவி ரெகுலர் மாணவியாக இல்லாமல் போவதில்லை.

உண்மையான சிக்கல் படிப்பு இரண்டாக இருப்பதில் இல்லை, உதவித்தொகை இரண்டாக இருப்பதில்தான். புதுமைப் பெண்ணைப் பொறுத்தவரை வேறு உதவித்தொகை வாங்கினாலும் 1,000 ரூபாய் நிற்காது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்களே, அதற்கு விதி நேர்மாறு. ரெகுலர் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். மாநில அரசுடையது உட்பட வேறு எந்த உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் வாங்கக் கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஒரு கதவு திறந்திருக்கிறது என்று இன்னொரு கதவும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு திருப்பிக் கட்டுவது பெரிய தலைவலி.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்கு பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பி.ஏ. முடித்தவர் மறுபடி பி.காம். சேர்ந்தால், அதே நிலைப் படிப்பு என்பதால் இரண்டாவதற்குக் கிடைக்காது என்பதே இதில் நெடுநாள் விதி. எம்.ஏ.வுக்குப் போனால் அது அடுத்த நிலை, விண்ணப்பிக்கலாம்.

இரண்டு ரெகுலர் படிப்பு படிக்க நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று நடக்கும் கல்லூரிகளில் நேரம் ஒத்துவரலாம். ஆனால் ஒரிஜினல் டிசி உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது கல்லூரியும் அதைத்தான் கேட்கும். யுஜிசி அனுமதித்தாலும், நடைமுறையை வகுக்க வேண்டியது அந்தந்தப் பல்கலைக்கழகம். அதனால் சேரும் முன்பே இரண்டு கல்லூரியிலும் பேசிவிடுங்கள். வருகைப்பதிவு குறைந்தால் முதல் படிப்பின் உதவித்தொகையும் ஆட்டம் காணும்.

தொலைதூரப் படிப்புக்குப் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் பாடத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.