பட்டைக்காகவே வளர்க்கும் ஜப்பானிய மேப்பிள்

ஜப்பானிய மேப்பிளின் இளம் தண்டு வழவழப்பாக இருக்கும். அரகாவா, நிஷிகி காவா போன்ற ரகங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பட்டை தடித்து, நெடுக்காக வெடித்து, பைன் மரம்போல் சொரசொரப்பாகிவிடும். காரணம், பட்டைக்குள் இருக்கும் தக்கை வளர்திசு. இது வெளிப்புறமாகச் செல்களை அடுக்கிக்கொண்டே போகிறது. சுபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்து அந்தச் செல்கள் இறந்துவிடும். இறந்த அடுக்கு விரியாது. உள்ளே மரம் பருக்கும்போது அது பிளக்கிறது. ஆகவே அடிமரம் வேகமாகப் பருத்தால் பிளவும் சீக்கிரம் வரும். சிறு தொட்டியில் அடைத்து வளர்ப்பவர்கள் பட்டைக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் தரையில் விடுவதே நல்லது.

விதையிலிருந்து இந்தக் குணம் அப்படியே வராது. ஒட்டுக்கட்டினால் குணம் வரும், ஆனால் ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் வேர்ச்செடியின் பட்டை வழவழப்பாகவே இருப்பதால் ஒட்டிய இடம் ஆண்டுக்கு ஆண்டு அப்பட்டமாகத் தெரியும். தொட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் மரத்துக்கு இது பெரிய குறை. விண்பதியமே, அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்து பிறகு வெட்டிப் பிரிப்பதே, சரியான வழி.

வசந்தத்தில் புது இலைகள் முற்றியதும் தொடங்குங்கள். கிளையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வெண்மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளரும் மெல்லிய அடுக்கான கேம்பியம் ஓர் இழை மிஞ்சினாலும் காயம் மூடிக்கொள்ளும், வேர் வராது. வேர் வருவது வளையத்தின் மேல் விளிம்பில்தான். அங்கே தடித்த தக்கை இருந்தால் மெல்லச் செதுக்கி, வேர் ஊக்கி மாவைத் தடவுங்கள். ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியைச் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுங்கள். வேர்விட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். வெள்ளை வேர் பழுப்பாகிக் கிளைவிட்ட பிறகே வெட்டுங்கள். அவசரப்பட்டால் இலைக்கு நீர் போதாமல் கன்று காய்ந்துவிடும்.

மண் சற்று அமிலத்தன்மையோடு, நீர் தேங்காமல் இருக்கட்டும். குளிர்கால ஓய்வு இல்லாத வெப்பப் பகுதிகளில் இந்த மரம் நாளடைவில் நலியும். மொட்டு விரியும் முன் சாறு ஏறும் வேளையில் கவாத்து செய்தால் வெட்டுக்காயம் ஒழுகும்.

நிஷிகி காவாவின் தக்கைத் தகடுகள் எளிதில் உதிரும். கம்பி சுற்றி வளைப்பதென்றால் பட்டை தடிக்காத இளங்கிளையில் மட்டும் செய்யுங்கள். அடிமரத்துப் பாசியைப் பிரஷால் தேய்த்தால் பட்டையும் சேர்ந்தே வரும். பாசி படியாதபடி தண்ணீரை மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.