மூன்று செக் கொடுத்தால் டிரா ஆகாது

சதுரங்கத்தில் காம்பிட் (தொடக்கத்திலேயே காயைப் பலி கொடுக்கும் ஆட்டம்) ஆடித் தாக்குகிறவர், தாக்குதல் ஓய்ந்ததும் விடாமல் செக் கொடுத்து டிராவின் அரைப் புள்ளியைத் தேற்றுவது நல்ல ஆட்டம்தான். ஆனால் பலகையில் அதைச் சம்பாதித்துவிட்டு, கேட்கத் தெரியாமல் தொலைப்பதைப் போட்டிக்குப் போட்டி பார்க்க வேண்டியிருக்கிறது. "மூணு செக் ஆச்சு, டிரா" என்று கையை நீட்டுகிறார்கள். எதிராளி சம்மதிக்கவில்லை என்றால் நடுவர்மீது கோபம்.

செக்கை எண்ணாதீர்கள். தொடர் செக் என்ற பெயரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் தனி டிராவே கிடையாது. எண்ண வேண்டியது நிலையை: அதே காய்கள் அதே கட்டங்களில், அதே ஆள் ஆட வேண்டிய முறையில், மூன்றாம் தடவை வர வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டும் என்றுகூட இல்லை.

கருப்பு ராஜா ஜி8 கட்டத்தில். வெள்ளை ராணி இ8-இல் யானையை வெட்டிச் செக். ராஜா எச்7, ராணி எச்5 செக், ராஜா ஜி8, ராணி மறுபடி இ8 செக். செக் மூன்று, நிலையோ இரண்டாம் தடவைதான். ஐந்தாவது செக்கில்தான் மூன்று ஆகும்.

காம்பிட்டில் இன்னொரு குழி உண்டு. கோட்டை கட்டாத (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங் செய்யாத) ராஜா இ8-இல் இருக்கும்போதே செக் விழும். டி8 போய் இ8 திரும்பினால் பலகை அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனால் முன்பு கோட்டை கட்டும் உரிமை இருந்திருந்தால், ராஜா நகர்ந்ததும் அது போய்விட்டது. அந்த முதல் நிலை கணக்கில் சேராது.

டிராவை உங்கள் முறையில் மட்டுமே கோரலாம். உங்கள் நகர்த்தலால் மூன்றாம் தடவை வரப்போகிறதா? காயைத் தொடாதீர்கள், தொட்டால் அந்த முறைக்கான உரிமை போயிற்று. நகர்த்தலை ஸ்கோர்ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்து, இதை ஆடப்போகிறேன் என்று சொல்லுங்கள். கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதியதையே ஆட வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் நடுவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். மூன்றாம் தடவையில் நடுவர்களான நாங்கள் வாய் திறக்கக் கூடாது. ஐந்தாம் தடவை வந்தால்தான் நாங்களே நிறுத்துவோம். குறிப்பிட்ட நகர்த்தல் வரை டிரா பேசத் தடை உள்ள போட்டிகளிலும் இந்தக் கோரிக்கை செல்லும்.

பயிற்சியாளர்களே, பிள்ளைகளுக்கு ஓப்பனிங் சொல்லித்தரும் அக்கறையோடு ஸ்கோர்ஷீட்டைத் தெளிவாக எழுதவும் பழக்குங்கள். நாங்கள் சரிபார்ப்பது அதை வைத்துத்தான்.