தீர்மானத் தாளில் குடும்ப அட்டை எண் எதற்கு?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கிய கோப்பு அது. ஒரு மலைக் கிராமத்தை ஒட்டிய வன நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுப்பது பற்றியது. வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊரின் பெயர் வேண்டாம். பாதிக் கோப்பைத் தாண்டியபோது கிராம சபைத் தீர்மானம் வந்தது. மேற்படி நிலத்தை ஒப்படைப்பதில் ஆட்சேபனை ஏதும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டதாம். பின்னால் இரண்டு தாள் நிறையக் கையொப்பங்களும் கைநாட்டுகளும்.

முதல் வாசிப்பில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் காலை மீண்டும் எடுத்தபோதுதான் கட்டங்களின் தலைப்பைப் படித்தேன்: வரிசை எண், பெயர், குடும்ப அட்டை எண், கையொப்பம். காட்டைக் கொடுக்கச் சம்மதம் சொல்பவரிடம் எதற்குக் குடும்ப அட்டை எண்?

அடுத்த வாரம் ஊருக்குப் போய் நகலைக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தன் பெயருக்கு நேரே இருந்த கைநாட்டை அடையாளம் கண்டுகொண்டார். "இது தார்ப்பாய் வாங்கின நாள் வைத்தது, சார். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள், அட்டையோடு வரச் சொன்னார்கள்" என்றார். தீர்மானம் தனித் தாளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தார்ப்பாய்ப் பட்டியல் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பழங்குடி நிலம், சுரங்கம், அணை என்றால் பெரிய பெரிய அரசியல் சாசன வாதங்கள் நினைவுக்கு வரும். நானும் இளம் வக்கீலாக இருந்தபோது அப்படித்தான் மனுக்களை எழுதினேன். இப்போது அந்தக் கோப்பில் இருந்ததைப் போன்ற தாள்களைத்தான் முதலில் தேடுகிறேன். வழக்கின் பாதி, ஊர்க்கூட்டம் உண்மையில் நடந்ததா என்ற கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கிராம சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். ஊரில் வயதுவந்தவர் 180 பேர் என்றால் 90 பேர் வரவேண்டும், அவர்களில் குறைந்தது 30 பேர் பெண்கள். வாக்காளர் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு எண்ணினால் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் உயர் நீதிமன்றம் வரை வந்த மனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எந்த ஊரின் சபை என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சி அலுவலகத்தில் கூடும் கிராம சபை ஒன்று. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பின் சபை வேறு. ஓர் ஊராட்சியில் பத்துப் பன்னிரண்டு ஊர்கள் இருக்கும், அவற்றில் மலைமேல் இருப்பவை இரண்டு என்று வையுங்கள். கீழே இருக்கும் பத்து ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மேலே இருக்கும் காட்டைக் கொடுத்துவிடலாமா? வன உரிமைச் சட்டம் 'கிராமம்' என்ற சொல்லுக்குள் காட்டுக் கிராமங்களையும் பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத ஊர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆகவே அந்தக் குடியிருப்பின் சபைதான் பேச வேண்டும் என்று வாதிடுகிறோம்.

இந்த வாதத்துக்கு எனக்குத் துணையாக இருப்பது ஒடிசாவின் நியமகிரி. ராயகடா, களஹண்டி மாவட்டங்களில் பரவிய மலை. உச்சியில் பாக்சைட், அடிவாரத்தில் லாஞ்சிகரில் அலுமினா ஆலை. அந்த மலை டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களின் தெய்வமான நியம ராஜாவுக்கு உரியது. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கான வன அனுமதியை மறுத்தது. மாநிலச் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, மலை யாருக்கு என்று நீதிபதிகள் முடிவு செய்வதாக இல்லை. மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும், மூன்று மாதத்துக்குள் சொல்லட்டும், மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்கட்டும் என்றது.

மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க இதென்ன கணக்கு என்று அப்போதே சண்டை நடந்தது. இருந்தும் ஜூலை, ஆகஸ்டு மழையில் நடந்த 12 கூட்டங்களும் சுரங்கம் வேண்டாம் என்றே சொல்லின. அவற்றுள் ஒன்று ஒரே ஒரு குடும்பம் வாழ்ந்த ஊர். அந்தக் குடும்பத்தின் சொல்லைக் கேட்கவும் ஒரு நீதிபதி மலையேறி வந்து உட்கார்ந்தார் என்பதை நான் மலைக் கிராமங்களில் சொல்லும்போது யாரும் இடையில் பேசுவதில்லை. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

ஆனால் நியமகிரியை அப்படியே தூக்கி வந்து இங்கே நட்டுவிட முடியாது. ஒடிசாவில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடிகளுக்கென அரசியல் சாசனத்தின்கீழ் தனியாக அறிவிக்கப்பட்ட பகுதிகள், இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் ஊராட்சி நீட்டிப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. நம்மிடம் இருப்பது வன உரிமைச் சட்டம் மட்டுமே. அதுவும் இங்கே தாமதமாகத்தான் நடக்கத் தொடங்கியது: 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் உத்தரவு பெறாமல் உரிமைப் பட்டா வழங்கக் கூடாது என்றது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 2016-இல்தான் நீக்கியது. இடையில் போன எட்டு ஆண்டுகளில் எத்தனையோ பெரியவர்கள், எந்தப் பாறையில் யார் தேன் எடுத்தார்கள் என்ற நினைவோடு போய்விட்டார்கள்.

விதிகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2009 ஆகஸ்டு 3 தேதியிட்ட சுற்றறிக்கை, வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்கும்போதே கிராம சபையின் சம்மதக் கடிதத்தை வைக்கச் சொன்னது. சாலை, மின்கம்பி வழி, கால்வாய் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு 2013 பிப்ரவரியில் விலக்கு வந்தது. அந்த விலக்குக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு: மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் அங்கீகரிக்கப்பட்ட உரிமை பாதிக்கப்பட்டால் சபையிடம் கேட்டே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். நீலகிரியில் மின்கோபுர வழக்கு என்றால் நான் முதலில் புரட்டும் வரி இதுதான். பிறகு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 விதிகள், வன உரிமைகளைத் தீர்ப்பதை மாநில அரசின் பொறுப்பாக்கி, மத்திய அரசு ஒப்புதல் தந்தபிறகு வரும் கடைசிப் படிக்குத் தள்ளிவிட்டன. சட்டம் அப்படியே இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வது சரிதான். டெல்லி சரி சொல்லி, பணமும் கட்டப்பட்ட பிறகு வந்து கேட்டால், நாற்பது குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்வதை எந்த அலுவலகம் காது கொடுத்துக் கேட்கும்?

அதனால் திட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள் என்பதுதான் நான் ஊர்களில் சொல்வது. சமூக வன உரிமைக்கான, அதாவது காட்டின்மீது ஊருக்குப் பொதுவாக உள்ள உரிமைக்கான, உரிமைக்கோரலை இப்போதே போடுங்கள். உரிமை ஏற்கெனவே தாளில் ஏறியிருந்தால் அதை மிதித்துப் போவது கடினம். ஏறாவிட்டாலும், உரிமைக்கோரல் நிலுவையில் இருக்கும்போது, அங்கீகார நடைமுறை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5) சொல்கிறது.

சாட்சியம் என்றால் பழைய பட்டாவோ முத்திரைத்தாளோ வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். வன உரிமைச் சட்ட விதிகளில் 13-ஆவதைப் படித்துக் காட்டினால் சிரித்துவிடுவார்கள். உரிமை கேட்பவர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அது சாட்சியம். கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் எல்லாமும் சாட்சியம். ஒரு முறை மூப்பர் ஒருவரோடு எல்லை நடந்தோம். அவர் முன்னால் போவார். ஓர் இளைஞர் அலைபேசியில் இடக்குறியீடு எடுப்பார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் நோட்டில் எழுதுவார். தேன்பாறை, சாமிக்கல், கொள்ளை நோயில் இறந்தவர்களைப் புதைத்த மேடு. ஓர் இடத்தில் மூப்பர் நின்று, இங்கிருந்து அடுத்த ஊர்க்காரர்களுடையது, அவர்களைக் கேட்காமல் எழுதாதே என்று தடுத்துவிட்டார். வரைபடத்தில் அந்தப் பக்கம் மட்டும் இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. பக்கத்து ஊரார் வந்து கையொப்பமிட்ட பிறகே கோட்டை முடித்தோம். உரிமைக்கோரல்களைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவில் அந்த எல்லையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வேறு வகை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதற்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒன்றுமில்லை; பந்தலில் பத்துப் பேர் இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. எனவே வராமல் புறக்கணிப்பதால் கூட்டம் நிற்காது, உங்கள் எதிர்ப்பு பதிவாகாமல் போவதுதான் மிச்சம். (புறக்கணிப்பில் அரசியல் நியாயம் இருக்கலாம். நான் வக்கீலாகச் சொல்கிறேன்.) போங்கள், பேசுங்கள், அதையே எழுத்திலும் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். முடிந்தவுடன் பஸ் பிடிக்க ஓடிவிடாதீர்கள். பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றே ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையொப்பமிட வேண்டும் என்பது விதி. ஒரு கூட்டத்தில், ஓடை வற்றிவிடும் என்று கால் மணி நேரம் பேசிய பாட்டியைப் பற்றிக் குறிப்பில் இருந்த ஒரே வரி: வேலைவாய்ப்பு குறித்துக் கேட்டார். எங்கள் ஆட்கள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள். பிறகு வீடியோ பதிவை வாங்கி அதைத் திருத்த ஏழு மாதம் பிடித்தது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் பலர் வழி தவறுகிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதியையும் வன நில மாற்ற உத்தரவையும் எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போகலாம். நமக்குச் சென்னையில் தென் மண்டல அமர்வு இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் கையாளும் சட்டங்களின் அட்டவணையில் வன உரிமைச் சட்டம் இல்லை. கிராம சபையை ஏமாற்றினார்கள் என்பதே உங்கள் முதன்மைக் குறை என்றால், அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. தார்ப்பாய் வழக்கை அங்கேதான் போட்டிருக்கிறோம், 23 பேரின் உறுதிமொழிப் பத்திரங்களோடு. அசல் தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். தேடுகிறார்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் மேலும் 60 நாள் வரை மன்னிப்பார்கள். 91-ஆம் நாள் வந்தால், அதன்பின் அந்த வழியே அடைபட்டுவிடும். நாளை எப்போதிலிருந்து எண்ணுவது? அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏறிய நாள், நிறுவனம் நாளிதழில் விளம்பரம் கொடுத்த நாள், உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிய நாள் ஆகியவற்றில் முந்தியதிலிருந்து எண்ணுகிறார்கள். மலைமேல் செய்தி எப்போது வந்தது என்பது அந்தக் கணக்கில் எடுபடுவதில்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரார் நகலோடு வந்த நாளிலிருந்து எண்ணி, நிதானமாக நல்ல மனு ஒன்று எழுதித் தாக்கல் செய்தேன். அது விளம்பரம் வந்த 94-ஆம் நாள். அந்த ஊர்க்காரர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, இப்படி ஒரு திட்டம் பற்றி யார் அழைத்தாலும், கதையைத் தொடங்க விடாமல் அனுமதிக் கடிதத்தின் தேதியைத்தான் கேட்கிறேன். மரியாதைக் குறைவாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். தேதியைச் சொல்லிவிட்டு, விளம்பரம் வந்த நாளிதழின் முழுப் பக்கத்தையும், கத்தரிக்காமல், எடுத்துக்கொண்டு வாருங்கள்.